மார்கழி மழையில் கேரவன் இழுத்து இலங்கையைச் சுற்ற: எந்தப் பக்கமாகத் தொடங்குவது, எங்கே திரும்புவது?

வெள்ளவத்தைக் கரை (கொழும்பு 6) கேட்டது:

வணக்கம். டிசெம்பர் 26 அளவில் கொழும்பிலிருந்து கேரவனோடு புறப்பட்டு, ஜனவரிக் கடைசியில் திரும்ப வேண்டும். லீவுக்குப் பிரச்சினை இல்லை, நாள் கூடினாலும் பரவாயில்லை. இப்போது போட்டு வைத்திருக்கும் பாதை: கொழும்பு – இரத்தினபுரி – பெரகல – வெல்லவாய – மொனராகலை – பொத்துவில் – மட்டக்களப்பு – திருகோணமலை – வவுனியா – யாழ்ப்பாணம், திரும்பி அநுராதபுரம் – புத்தளம் – கொழும்பு.

வண்டி ஹைலக்ஸ் டபள் கேப், டீசல், மனுவல் கியர். கேரவன் உள்ளூரில் செய்தது. 12 அடி நீளம், 6 அடி அகலம், ஒற்றை அச்சு, ஓவர்ரன் பிரேக், 50 மில்லிமீற்றர் கொக்கிப் பந்து, 185 ஆர் 14 சி டயர். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்தியபோது 1,100 கிலோ. தரையிலிருந்து கேரவனின் அடித்தட்டு 50 சென்ரிமீற்றர் உயரம். 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி பின்பக்கம் இருக்கிறது.

நான் தெளிவுபடுத்த வேண்டியவை: இந்தத் திசை சரியா, மறுபக்கமாகச் சுற்றுவது நல்லதா? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் வெருகல் வழி ஏ15 வீதி வெள்ளத்தில் மூடினால், பொலன்னறுவை வழி ஏ11 மாற்றுப் பாதையாக உதவுமா? புறப்படுமுன் கேரவனில் எதை எதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்?

---

கொக்கியும் கூண்டும் (தெமட்டகொடை) பதில்:

திசையை மாற்றுங்கள். புத்தளம் பக்கமாக வடக்கே ஏறி, கிழக்கால் இறங்கி, தெற்கால் வீட்டுக்கு வாருங்கள். இதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது மழை. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகைதான் உச்சம். தை பிறக்கும்போது நன்றாகக் குறைந்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அப்படியல்ல. மார்கழி முழுக்கக் கொட்டும், தையிலும் பாதி போகும். உங்கள் திட்டப்படி கிழக்கு அதன் மோசமான கிழமையில் மாட்டுகிறது. வடக்கே முதலில் போய்ப் பொங்கலையும் அங்கேயே முடித்துக்கொண்டு, தை 3, 4 அளவில் திருகோணமலைக்கு இறங்கினால் கிழக்குக்கு வடிய மூன்று கிழமை கிடைக்கும். கடைசித் துண்டான ஹம்பாந்தோட்டை – காலி – கொழும்பு ஜனவரிக் கடைசியில் பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

இரண்டாவது, நாம் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். தீவை மணிக்கூட்டுத் திசையில் சுற்றினால் கடல் எப்போதும் இடப்பக்கம். கடற்கரையோரத் தங்குமிடம் எல்லாவற்றுக்கும் இடப்பக்கமாகவே திரும்பி நுழையலாம். பத்து மீற்றர் நீளமுள்ள வண்டியை நடுவீதியில் நிறுத்தி, எதிரே வரும் பஸ் விடும்வரை காத்திருந்து வலப்பக்கம் வெட்டுகிற வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும். பின்னால் வருகிறவனும் மழையில் உங்கள் முதுகில் வந்து ஏறமாட்டான்.

மூன்றாவதுதான் முக்கியம். பெரகல – வெல்லவாய இறக்கத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பெரகலவுக்கு மேலுள்ள ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல், வெல்லவாய 200 மீற்றர் அளவு. அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி முப்பது கிலோமீற்றரை ஒட்டிய வளைவுகளில் இறங்குகிறது. ஓவர்ரன் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்: வண்டி வேகம் குறைய, கேரவன் முன்னால் தள்ள, அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடிக்கிறது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினால் பிடித்துக்கொண்டு போனாலும் கேரவன் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அதாவது அதன் பிரேக் ஒரு நிமிடமும் விடுபடாது. ட்ரம் சூடேறி, பிரேக் சூ பிடி இழக்கிறது. பிறகு 1,100 கிலோவையும் ஹைலக்ஸ் தனியாகத் தாங்க வேண்டும். எல்ல – வெல்லவாய இறக்கமும் இதே கதைதான். 2025 செப்டெம்பரில் பஸ் பள்ளத்தில் விழுந்தது அங்கேதான்.

மண்சரிவு இதற்கு மேல். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளைப் புதைத்த சரிவு இந்தச் சரிவுப் பக்கத்தில்தான் நடந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டங்களில் எச்சரிக்கை விடுகிறது. தனி வண்டிக்கு மஞ்சள் என்றால் கவனம். கேரவனுக்கு மஞ்சள் என்றாலே வேறு வழி.

தெற்கே திரும்பும்போது வெல்லவாயவில் மேலே ஏறாமல் ஏ2இல் நேரே தணமல்வில, ஹம்பாந்தோட்டைக்கு இறங்குங்கள். தூரம் கூடும், ஏற்றம் இல்லை.

ஒரு நாளைக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் போடாதீர்கள். மழையில் தேநீர், டீசல், பரிசோதனை எல்லாம் சேர்த்தால் சராசரி மணிக்கு 40தான் வரும். காலை 6 மணிக்கு எடுத்தால் மாலை 4 மணிக்கு முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வெளிச்சமும் போகும், யானையும் வரும்.

---

வாவிக்கரை (மட்டக்களப்பு) பதில்:

அண்ணன் சொன்ன திசைதான் சரி. ஏ15, ஏ11 கேள்விக்கு வருகிறேன். இதில் கொழும்பிலிருந்து வருகிற நிறையப் பேர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

வெருகல் ஆறு மகாவலியின் கிளை. ஏ11இல் கல்லெல்ல, மன்னம்பிட்டியில் வீதிக்கு மேல் ஏறுவதும் மகாவலித் தண்ணீர். இரண்டும் ஒரே ஆறு. அதனால் வெருகலில் வீதி மூடியிருக்கிறது என்று திருகோணமலைக்குத் திரும்பி, ஹபரணை சுற்றி மன்னம்பிட்டிக்குப் போனால் அங்கேயும் அதே தண்ணீர்தான் நிற்கும். ஏ11 ஏ15க்கு மாற்றுப் பாதை அல்ல. உண்மையான மாற்று, திருகோணமலையில் இரண்டு மூன்று நாள் நிற்பது. அதுவும் முடியாவிட்டால் ஏ6இல் தம்புள்ளை, குருநாகல் வழியாக வீட்டுக்குப் போவது.

இன்னொன்று, இங்கே மழை விட்டதும் வீதி திறந்திருக்கும் என்று நினைக்கக்கூடாது. மலையில் பெய்தது இறங்கி வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். வெயில் எறிக்கிற நாளில்தான் மன்னம்பிட்டியில் மட்டம் உயரும். நீர்ப்பாசனத் திணைக்களம் மன்னம்பிட்டி நீர்மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. கடைசி இரண்டு மூன்று அளவுகளைப் பார்த்து, இறங்குமுகம் என்றால் மட்டும் மூதூரைத் தாண்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தால் வீதி மூடியிருக்கிறதா என்று சொல்வார்கள்.

தண்ணீருக்குள் இறக்குவதைப் பற்றி ஒரு கணக்கு. உங்கள் கேரவனின் அடித்தட்டு 12 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய 6.7 சதுர மீற்றர். தண்ணீர் அடித்தட்டுக்கு மேல் 10 சென்ரிமீற்றர் ஏறினால் 670 லீற்றர் இடத்தைப் பெட்டி பிடிக்கும். அதாவது 670 கிலோவைத் தண்ணீர் தூக்கும். 16, 17 சென்ரிமீற்றர் ஏறினால் 1,100 கிலோவும் மிதக்கும். அடித்தட்டு 50 என்றபடியால் 66 சென்ரிமீற்றர் ஆழத்தில் உங்கள் கேரவனுக்குச் சக்கரமே கிடையாது, அது தோணி. கதவு ஒழுகித் தண்ணீர் உள்ளே வந்து பாரம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். அது நிரம்புமுன் பக்கத்துக்கு இழுபட்டுவிடும். 60 சென்ரிமீற்றரிலேயே சக்கரத்தில் மிச்சம் இருப்பது 430 கிலோ. ஓடுகிற தண்ணீர் 12 அடிச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும்போது அந்த 430 ஒன்றும் செய்யாது. கேரவன் போனால் கொக்கியில் மாட்டிய வண்டியும் கூடவே போகும்.

ஆகவே ஓடும் தண்ணீர் என்றால் முழங்கால் ஆழமும் வேண்டாம். நிற்கும் தண்ணீர் என்றால் அச்சு மட்டம்தான் எல்லை, அதுவும் முன்னால் போன லொறியின் சக்கரத்தில் அளந்து பார்த்து. தாம்போதிகளை (வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும் தாழ்வான கடவைகளை) இந்த மாதங்களில் மறந்துவிடுங்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துப்போனது. உழவு இயந்திரத்தின் சக்கரம் உங்கள் கேரவனின் கூரை உயரத்தில் பாதி வரும். அம்பாறை – காரைதீவு வீதியைத் தொடவே வேண்டாம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று கரையோர ஏ4இலேயே பொத்துவிலுக்குப் போங்கள். காத்தான்குடி, கல்முனைக் கடைத்தெருக்களை மட்டும் காலை 7 மணிக்கு முன் கடந்துவிட வேண்டும்.

இனி, திரும்பும் இடம். கேரவன் பாதையை ஊர் கணக்கில் போடாமல் திரும்பும் இடக் கணக்கில் போட வேண்டும். வெள்ளம் வீதியை மூடியிருப்பது தெரியவரும் இடத்தில் வீதி ஏழு மீற்றர் அகலம், இரண்டு பக்கமும் வயல், வீதியோரத் தோள்பட்டை ஊறிப்போன மண். தனி வண்டி மூன்று வெட்டில் திரும்பிவிடும். உங்களுக்குப் பதினான்கு மீற்றராவது வேண்டும். சக்கரம் ஒன்று மண்ணில் இறங்கினால் உழவு இயந்திரம் வந்துதான் தூக்க வேண்டும். ஆகவே வரைபடத்தில் 10, 15 கிலோமீற்றருக்கு ஒன்றாகத் திரும்பும் இடத்தைக் குறித்து வையுங்கள். பெற்றோல் செட் சிறந்தது, ஒரு வாயிலால் போய் மறு வாயிலால் வரலாம். நெல் ஆலை முற்றம் கேட்டால் விடுவார்கள். கோயில் முன்றல், பள்ளிக்கூட மைதானத்துக்கு முன்னுள்ள வெளி, பஸ் நிலையம் எல்லாம் உதவும். ஏ15இல் கிண்ணியா, மூதூர், கதிரவெளி, வாகரை, வாழைச்சேனை என்று ஊர் விட்டு ஊர் இப்படி இடம் பாருங்கள். மூதூரில் நின்று வெருகலிலிருந்து வரும் பஸ் சாரதி ஒருவரிடம் கேளுங்கள். பஸ் வரவே இல்லை என்றால் அதுவும் பதில்தான்.

---

சில்லும் பெயரிங்கும் (பஞ்சிகாவத்தை) பதில்:

பாதையை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் கேரவனுக்கு வருகிறேன். மழைப் பயணத்தில் கேரவனைக் கொல்வது மூன்று: பெயரிங்குக்குள் தண்ணீர், எர்த் வயர், பழைய டயர்.

பெயரிங்கிலிருந்து தொடங்குங்கள். இரண்டு ஹப்பையும் கழற்றிப் பழைய கிரீஸைத் துடையுங்கள். கிரீஸ் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏற்கெனவே புகுந்திருக்கிறது. அப்போது சீலை மட்டும் மாற்றினால் போதாது, பெயரிங்கையும் அது ஓடும் வளையத்தையும் சோடியாக மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளி முந்நூறு கிலோமீற்றரில் குழியாகிவிடும். புதிதைப் போடும்போது கிரீஸைப் பூசாதீர்கள். உள்ளங்கையில் வைத்து, உருளைகளுக்கிடையால் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அமுக்கி நிரப்புங்கள். ஹப்பைப் பிடிக்கும் வெட்டுள்ள நட்டை (கோட்டை நட்டு) இறுக்கும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பெயரிங் அமர்ந்ததும் நட்டைத் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் திருகிப் பொருந்தும் துளையில் புதுப் பிளவு ஊசி. பழைய ஊசியை நிமிர்த்தித் திரும்பப் போடக்கூடாது. கையோடு ஒரு ஹப்புக்குரிய முழுச் செட்டும் அரைக் கிலோ லிதியம் கிரீஸும் எடுத்துப் போங்கள். கேரவன் உள்ளூரில் செய்தது என்பதால் பெயரிங் இலக்கத்தைக் குறித்து வைப்பது முக்கியம். வாகரையில் நின்று என்ன அச்சு என்று தேட முடியாது.

தண்ணீர் ஏன் புகுகிறது தெரியுமா? ஓடிச் சூடான ஹப்பைக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீலின் விளிம்பால் தண்ணீரை உறிஞ்சும். தேங்கிய தண்ணீர் கடக்க வேண்டி வந்தால் முன்னே 20 நிமிடம் நின்று ஆறவிடுங்கள். கடந்த பின் மெதுவாக ஓடி, நாலைந்து தரம் பிரேக் பிடித்து ட்ரம்மைக் காய வையுங்கள். நனைந்த சூ முதல் தரம் பிடிக்காது, இரண்டாம் தரம் ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு சூடென்றால் பரவாயில்லை. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பெயரிங் அல்லது விடுபடாத பிரேக். அங்கேயே ஜெக் போட்டுச் சுற்றிப் பாருங்கள்.

எர்த் வயர். சிக்னல் போடும்போது பிரேக் லைட்டும் மங்கலாகச் சேர்ந்து மின்னுகிறதா? எர்த் போய்விட்டது. கொழும்பில் செய்யும் பல கேரவன்களில் எர்த் கொக்கிப் பந்து வழியாகத்தான் போகிறது. பந்தில் கிரீஸும் துருவும் சேர்ந்தால் லைட் கூத்தாடும். ஏழு ஊசிப் பிளக்கிலிருந்து கேரவன் சட்டத்துக்குத் தனி எர்த் வயர் இழுங்கள். பெயின்டைச் சுரண்டி, பித்தளை வாஷர் போட்டு இறுக்கி, மேலே வஸ்லின் பூசுங்கள். பிளக் ஊசிகளுக்கும் மெல்லிய பூச்சு. கழற்றி வைக்கும்போது பிளக்கின் வாய் கீழே பார்க்க வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3221 என்றால் 2021ஆம் ஆண்டின் 32ஆம் கிழமை. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றுங்கள். கேரவன் டயர் தேய்ந்து சாகாது, நின்று வெடித்துச் சாகும். 185 ஆர் 14 சியில் எட்டு பிளை, 102 பாரச் சுட்டி உள்ளது ஒன்று 850 கிலோ தாங்கும், உங்களுக்குத் தாராளம். குளிர்ந்த நிலையில் 50 பிஎஸ்ஐ. கார் டயரை மட்டும் போடவிடாதீர்கள், அதன் மெல்லிய சுவர் பக்கத்துக்கு நெளிந்து கேரவனை ஆட்டும்.

சில் நட்டுகளைப் புறப்பட்டு 50 கிலோமீற்றரில் திரும்ப இறுக்க வேண்டும், புத்தளம் வழி என்றால் நீர்கொழும்பு தாண்டியதும். 12 மில்லிமீற்றர் நட்டுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீற்றர். அளவுச் சாவி இல்லாவிட்டால் அரை மீற்றர் நீளப் பிடியில் 20 கிலோ அழுத்தம். மேலே ஏறி நின்று மிதித்தால் போல்ட் இழுபடும்.

கேரவன் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கும் கம்பியைப் பந்தின் கழுத்தில் சுற்றாமல், வண்டிச் சட்டத்தின் வளையத்தில் மாட்டுங்கள். பந்தே கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும். சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டினால், கழன்ற முன்மூக்கு வீதியில் குத்தாமல் அதில் விழும்.

---

சங்குப்பிட்டி (யாழ்ப்பாணம்) பதில்:

வடக்குத் துண்டுக்கு நான். முதலில் ஒரு மாற்றுக் கருத்து: புத்தளம் – அநுராதபுரம் ஏ12இல் கருவலகஸ்வெவ பக்கம் யானை நடமாட்டம் உண்டு, சிலாபத்தில் தெதுறு ஓயா பெருகினால் ஏ3யும் மூடும். தாழமுக்கம் அறிவித்திருந்தால் குருநாகல் – தம்புள்ளை ஏ6இல் வந்து ஏ9ஐப் பிடியுங்கள். நெரிசல் இருக்கும், ஆனால் ஊர் நெருக்கம், திரும்பும் இடம் நிறைய.

ஏ9 நல்ல வீதி. அதுதான் அதன் ஆபத்தும். வவுனியா தாண்டியதும் நேராக, காலியாக இருக்கும், கால் தானாக அழுத்தும். மழையில் 60க்கு மேல் வேண்டாம். மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து. நீங்கள் வடக்கே போகும்போது அது வலது முன்மூலையில் அடிக்கும். மரம் இருக்கும்வரை தெரியாது. பரந்தன் தாண்டி ஆனையிறவு வெளிக்குள் நுழைந்ததும் மறைப்பு ஒன்றும் இல்லை, கேரவனின் 12 அடிச் சுவரில் முழுக்க விழும். அங்கே 40.

தூர சேவை பஸ் முந்தும்போது இரண்டு இழுப்பு வரும். பஸ்ஸின் முன்பக்கம் உங்கள் கேரவனின் பின்பக்கத்தை நெருங்கும்போது அதை வெளியே தள்ளும், பிறகு பஸ்ஸின் உடல் கடக்கும்போது உள்ளே இழுக்கும். முதல் தள்ளலுக்குச் சுக்கானைத் திருப்பினால் இரண்டாவது இழுப்பில் மாட்டிக்கொள்வீர்கள். கண்ணாடியில் பஸ் தெரிந்ததும் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி, சுக்கானை நேரே பிடித்து, எக்சலேற்றரைச் சற்றுத் தளர்த்துங்கள்.

கேரவன் ஆடத் தொடங்கினால் ஹைலக்ஸின் பிரேக்கை மிதிக்காதீர்கள். மிதித்தால் பின்னால் உள்ளது முன்னுக்கு வரப் பார்க்கும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்குவதும் வேண்டாம். எக்சலேற்றரை விட்டு, சுக்கானை நடுவில் பிடித்துக்கொண்டு 40க்கு விழும்வரை பொறுங்கள். ஒரு தரம் ஆடினால் காரணம் உண்டு, அடுத்த நிறுத்தத்தில் பாரத்தைப் பாருங்கள்.

முறிகண்டியில் எல்லோரையும் போலப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அங்கேயே ஹப்பையும் நட்டையும் பார்த்துக்கொள்ளலாம். கேரவன் நிறுத்த இடமும் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வரைபடம் முல்லைத்தீவு – புல்மோட்டை வழியைக் குறுக்காகக் காட்டும். மழைக்காலத்தில் கேரவனோடு அந்தப் பக்கம் போகாதீர்கள், காடும் ஒடுங்கிய வீதியும். ஏ9இல் வவுனியாவுக்குத் திரும்பி, ஹொரவப்பொத்தானை வழியாக ஏ12இல் திருகோணமலைக்கு வாருங்கள். பன்குளம் பக்கத்தை மதியத்துக்கு முன் கடந்துவிட வேண்டும், அதுவும் யானைப் பாதை. யானை வீதியில் நின்றால் ஐம்பது மீற்றருக்கு முன்னே நின்று விடுங்கள். கோர்ன், ஹை பீம் வேண்டாம். தனி வண்டி பின்னுக்கு ஓடித் தப்பும், உங்களால் முடியாது. அதனால் தூரம்தான் உங்கள் பாதுகாப்பு. கட்டாக்காலி மாடுகள் வேறு. மழை நாளில் தார் வீதி சூடாக இருப்பதால் அதில்தான் படுத்திருக்கும்.

---

வெள்ளவத்தைக் கரை பதில்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. திசையை மாற்றிவிட்டேன், பொங்கல் யாழ்ப்பாணத்தில். சங்குப்பிட்டி அண்ணா பாரத்தைப் பற்றிச் சொன்னபடியால் கொக்கியில் விழும் எடையை அளந்தேன். தாங்கி நிரம்பிய நிலையில் 70 கிலோ. அச்சிலிருந்து கொக்கிக்கு 3 மீற்றர், தாங்கி அச்சுக்குப் பின்னால் 1.6 மீற்றர். 70 போதுமா?

இன்னொன்று, திரும்பும்போது ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் கேரவன் பிடித்துக்கொள்கிறது. இது பழுதா?

---

கொக்கியும் கூண்டும் பதில்:

70 போதாது தம்பி. 1,100க்கு அது ஆறரை வீதம்கூட இல்லை, ஆனையிறவில் நிச்சயம் ஆடும். 10 வீதத்துக்குக் கீழே போகக்கூடாது, 12 வீதம் அளவு நல்லது. எதையும் வெட்டி ஒட்டத் தேவையில்லை. 60 கிலோ தண்ணீர் 1.6 மீற்றர் பின்னால் இருந்து 3 மீற்றர் முன்னாலுள்ள கொக்கியை 32 கிலோவால் தூக்குகிறது. தாங்கியை வெறுமையாக்கினால் 102 ஆகும், மொத்தம் 1,040க்கு 10 வீதத்தைத் தொடுகிறது. பின் அலுமாரியில் உள்ள கருவிப் பெட்டி, டின் சாமான் என்று ஒரு 18 கிலோவை அச்சுக்கு ஒரு மீற்றர் முன்னால் தரையில் வையுங்கள். ஒன்றரை மீற்றர் பின்னால் இருந்ததென்றால் இன்னும் 15 கிலோ கூடி 117 வரும். அங்கே நிறுத்துங்கள். பந்தில் மாட்டும் கப்ளிங்கின் தகட்டிலும் ஹைலக்ஸ் கையேட்டிலும் போட்டிருக்கும் செங்குத்துப் பாரத்தைத் தாண்டவில்லை என்பதையும் பாருங்கள்.

தாங்கியைப் பாதி நிரப்பி ஓடக்கூடாது. பாதித் தண்ணீர் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னும் பின்னும் அலைந்து கொக்கி எடையை மாற்றிக்கொண்டே இருக்கும். போகுமிடத்தில் நிரப்புங்கள், வடக்கிலும் கிழக்கிலும் குடிக்கத் தனியாகப் போத்தல் தண்ணீர் வையுங்கள். காஸ் 12.5 கிலோ சிலிண்டரை விட்டு 5 கிலோவை எடுங்கள். ஓடும்போது வால்வைப் பூட்டி, முன்பக்கம் நிமிர்த்திக் கட்டி, அந்த இடத்துக்கு அடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மழை என்று ஜன்னல் எல்லாம் பூட்டி உள்ளே அடுப்பு எரிக்க வேண்டாம்.

ரிவர்ஸில் பிடிப்பது பழுதல்ல. பின்னுக்குத் தள்ளும்போது கப்ளிங் உள்ளே அமுங்குகிறது, இறக்கத்தில் வருகிறோம் என்று பிரேக் நினைத்துக்கொள்கிறது. தானாக விடுபடும் வகை என்றால் சூ சரிப்படுத்தல் கூடுதலாக இறுகியிருக்கிறது, சில்லைக் கையால் சுற்றும்போது லேசாக உரசி நிற்காமல் ஓடும் அளவுக்குத் தளர்த்துங்கள். பழைய வகை என்றால் கப்ளிங்கில் ஒரு பூட்டு இருக்கும். ரிவர்ஸுக்கு முன் அதைப் போட வேண்டும், திரும்பி முடிந்ததும் கையால் எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் அடுத்த பிரேக்குக்குக் கேரவனுக்குப் பிரேக்கே இல்லை. வெருகல் வெளியில் மழைக்குள் திரும்புகிற அவசரத்தில் மறப்பது சுலபம், அதனால் பூட்டில் ஒரு சிவப்பு நாடா கட்டிச் சாரதிக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் தொங்கவிடுங்கள்.

திரும்பும்போது கேரவனின் பின்பக்கம் உங்கள் வலப்பக்கம் போகிற மாதிரி வெட்டுங்கள், சுக்கான் வலப்பக்கம் என்பதால் தலையை வெளியே நீட்டிப் பார்க்கலாம். ஒருவர் இறங்கி எதிர்ப்பக்க வாகனத்தை நிறுத்த வேண்டும், இன்னொருவர் தோள்பட்டை மண்ணை மிதித்துப் பார்க்க வேண்டும். குதிக்கால் புதைந்தால் அந்த இடம் வேண்டாம்.

---

சில்லும் பெயரிங்கும் பதில்:

ஒன்று விட்டுப்போனது. புறப்படுமுன் சாரதி அனுமதிப்பத்திரத்தோடும் எடைமேடைத் துண்டோடும் வேரஹெர மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்குப் போய், உங்கள் வகுப்புக்கு இந்த எடையில் ட்ரெய்லர் இழுக்கலாமா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். காப்புறுதிக் கம்பனியிடமும் கேரவன் மாட்டிய நிலையில் வண்டியின் காப்புறுதி செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொல்வது பொத்துவிலில் உதவாது.

டீசல் பாதிக்குக் கீழே விடாதீர்கள். தனியே லீற்றருக்கு 10 ஓடுகிற ஹைலக்ஸ் இந்தப் பெட்டியோடு 7, 8தான் ஓடும். வெள்ளத்தால் திருகோணமலைக்குத் திரும்ப வேண்டி வந்தால் அதே தூரம் மறுபடி ஓட வேண்டும்.

---

வாவிக்கரை பதில்:

பொத்துவிலுக்குப் பிறகு யானை நடமாடும் லாகுகலையைக் காலை 8 மணிக்குப் பிறகு, மாலை 3 மணிக்கு முன் கடவுங்கள். பொத்துவிலில் இரவு நின்று, சியம்பலாண்டுவ – மொனராகலை – வெல்லவாய என்று ஒரே பகலில் முடித்தால் தணமல்விலப் பக்க யானைகளையும் மறுநாள் வெளிச்சத்தில் கடக்கலாம். மூதூருக்கு வருமுதல் நாள் மாலை இங்கே ஒரு வரி எழுதுங்கள், வெருகலில் தண்ணீர் எப்படி என்று கேட்டுச் சொல்கிறேன்.